எல்லை தாண்டி ரவை வாங்குதல்: கொழும்பில் துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது, துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தில் பதிவும் இருக்கிறது, விமான நிறுவனம் ஐந்து கிலோ ரவை கொண்டுபோக விடுகிறதாம். இனி என்ன தடை என்று புதிதாக வந்தவர்கள் பலர் நினைக்கிறார்கள். இவை மூன்றும் வெவ்வேறு கதவுகள். ஒன்றின் திறப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஐந்து கிலோ என்பது விமானப் பாதுகாப்பு விதி மட்டுமே. எந்த நாட்டின் ஆயுதச் சட்டமும் அதைப் பார்த்து உங்களை உள்ளே விடாது.

ரவை எல்லை கடக்கும் ஒவ்வொரு பயணத்துக்கும் நான்கு அனுமதிகள் வேண்டும்: இலங்கையிலிருந்து வெளியே எடுத்துச் செல்ல, விமானம் மாறும் நாட்டைக் கடக்க, போட்டி நடக்கும் நாட்டுக்குள் கொண்டுசெல்ல, மிச்சம் இருந்தால் திரும்ப இலங்கைக்குள் கொண்டுவர. இதற்கு மேல் விமான நிறுவனத்தின் சம்மதம். நான்கில் ஒன்று இல்லாவிட்டால் மற்ற மூன்றும் உங்களைக் காப்பாற்றாது. அதனால்தான் புதியவர்களுக்கு எங்கள் முதல் ஆலோசனை: போட்டி நடக்கும் நாட்டிலேயே ஏற்பாட்டாளர் வழியாக ரவை வாங்குங்கள், அங்கேயே சுட்டு முடியுங்கள், ஒரு ரவைகூட இல்லாமல் திரும்புங்கள். அது முடியாத நேரங்களும் உண்டு. அவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், எதை வாங்குகிறீர்கள்?

பத்து மீற்றர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குபவர்களே இங்கு அதிகம். அதற்குத் தேவை 4.5 மில்லிமீற்றர் ஈயப் பெலட். அதில் வெடிமருந்து இல்லை, ஆகவே விமானத்தில் ஆபத்தான பொருள் என்ற வகைக்குள் அது வராது. ஆனால் சுங்கத்தின் கணக்கு வேறு. உலகெங்கும் சுங்கங்கள் பயன்படுத்தும் பண்டக் குறியீட்டில் தோட்டாக்களும் பெலட்டும் ஒரே 9306ஆம் தலைப்பில் இருக்கின்றன: 12 போர் (குழலின் அளவு) போன்ற, சிறு உருண்டைகள் நிரப்பிய சன்னத் தோட்டா 9306.21, காற்றுத் துப்பாக்கிப் பெலட் 9306.29, மற்றத் தோட்டாக்கள் 9306.30. பெலட் டப்பாவைக் கண்ட சுங்க அதிகாரி ஏன் நிறுத்துகிறார் என்பதற்கு இதுவே காரணம். அவரோடு வாதாடுவதைவிட முன்கூட்டியே பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக் கடிதத்தில் பெலட்டையும் எழுதி வாங்கிவிடுவது நல்லது. காற்றுத் துப்பாக்கியும் அப்படித்தான். விளையாட்டுச் சாமான் என்று நினைத்து அனுமதியில்லாமல் கொண்டுவர வேண்டாம்.

ஐம்பது மீற்றர் ரைபிளுக்கும் இருபத்தைந்து மீற்றர் பிஸ்டலுக்கும் .22 லோங் ரைபிள் ரவை. பறக்கும் தட்டுகளைச் சுடும் ட்ராப், ஸ்கீட் போட்டிகளுக்கு 12 போர் தோட்டா. இவை இரண்டும் சட்டத்தின் எல்லாக் கண்ணுக்கும் முழுமையான வெடிபொருள் கொண்ட ரவைகள். விமானப் போக்குவரத்தில் ஆபத்தான பொருள்களுக்கான யுஎன் 0012 என்ற இலக்கத்தில், 1.4எஸ் என்ற பிரிவில் வருபவை.

பிரைமர் (தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி), வெடிமருந்துத் தூள் போன்றவற்றை வாங்கிவந்து இங்கே தோட்டா நிரப்பலாம் என்ற யோசனை இருந்தால் கைவிடுங்கள். பயணிகளின் பெட்டியில் அவை எந்த அளவிலும் அனுமதிக்கப்படுவதில்லை. சலுகை முழுமையான தோட்டாவுக்கு மட்டுமே.

அடுத்தது, எண்ணிக்கை

அனுமதிக் கடிதத்தில் எழுதும் எண்ணைப் பின்னர் மாற்ற முடியாது, ஆகவே இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெலட் எளிது. போட்டிக்கு 60 சூடு, அதற்கு முன் சரிபார்ப்புச் சூடுகள், முதல் நாள் பயிற்சி. 500 பெலட் டப்பா இரண்டு போதும். ஒரு பெலட் அரைக் கிராமைச் சற்றுத் தாண்டும், டப்பா ஒன்று கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

.22 ரவை ஒன்று ஏறத்தாழ 3.4 கிராம். ஐம்பது ரவைப் பெட்டி அட்டையோடு 180 கிராம் வரை வரும். 500 ரவை இரண்டு கிலோவுக்குள் அடங்கும். ஒரு போட்டிக்கு 300 எடுத்தால் பயிற்சிக்கும் சேர்த்துப் போதும், இரண்டு பிரிவில் சுடுபவருக்கு 500. ஐந்து கிலோ எல்லை இவர்களைத் தொடவே தொடாது.

ட்ராப் சுடுபவருக்கு நிலைமை தலைகீழ். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சூடு வரை சுடலாம். அதாவது 250 தோட்டா வரை தேவைப்படலாம். 24 கிராம் சன்னம் கொண்ட தோட்டா ஒன்று மொத்தமாக 36 கிராம் அளவில் இருக்கும். 25 தோட்டாப் பெட்டி ஒரு கிலோவை நெருங்கும். ஐந்து கிலோவில் ஐந்து பெட்டிதான், 125 தோட்டா. ஒரு போட்டிக்கே பாதி. ஆகவே ட்ராப் சுடுபவர் தன் தோட்டாவைப் பெட்டியில் கொண்டுபோகும் யோசனையை இந்த இடத்திலேயே விட்டுவிடலாம். போட்டியிடத்தில் வாங்கும்போது தோட்டாவின் விபரத்தைப் பாருங்கள். சர்வதேச விதிப்படி சன்னத்தின் எடை 24.5 கிராமைத் தாண்டக்கூடாது, ஒரு சன்ன உருண்டையின் விட்டம் 2.6 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. வேட்டைக்கு விற்கும் 28, 32 கிராம் தோட்டாவை மலிவென்று வாங்கினால் போட்டியில் பயன்படாது, திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

ஐந்து கிலோ என்பது அட்டைப்பெட்டி, உறை எல்லாம் சேர்ந்த மொத்த எடை. ஓர் ஆளுக்கு, அவருடைய சொந்தப் பாவனைக்கு. அணியில் நான்கு பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் இருபது கிலோ வைக்க முடியாது, நான்கு பேரும் பக்கத்தில் நின்றாலும். வெடிக்கும் அல்லது தீப்பற்றும் முனை கொண்ட ரவைக்கு இந்தச் சலுகை கிடையாது. சம்மதம் கொடுப்பதும் மறுப்பதும் விமான நிறுவனத்தின் விருப்பம். சில நிறுவனங்கள் ஐந்து கிலோவிலும் குறைவாக விதிக்கின்றன, சில ரவையே ஏற்பதில்லை. டிக்கெட் வாங்க முன்னர் எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டு ரவை ஏன் தேவைப்படுகிறது

.22 சுடுபவர்களுக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரே தொழிற்சாலை, ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் லொட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாறினால் உங்கள் குழலில் சூடுகள் சேரும் விதம் மாறும். ஐம்பது மீற்றரில் அது புள்ளிகளாகத் தெரியும். அதனால்தான் இங்கிலாந்தில் பேர்மிங்காமில் இலீ நிறுவனமும், ஜெர்மனியில் ஷோனபெக்கில் லபுவா நிறுவனமும் சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பல லொட்களைச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை வாங்கலாம்.

இப்படி வாங்குவது ஒரு பயணப்பெட்டிக் காரியமாக இருக்காது. சில ஆயிரம் ரவை வாங்கினால்தான் அந்தச் சோதனைக்குப் பயன் உண்டு. அது சரக்காக வரும் இறக்குமதி, சம்மேளனத்தின் பெயரில் செய்வதே வழி. வரிசையைப் பிழைக்க விடாதீர்கள்: முதலில் இலங்கையின் இறக்குமதி அனுமதி, அதன் பிரதியை வைத்து விற்பவர் தன் நாட்டில் ஏற்றுமதி அனுமதி எடுப்பார், அதற்குப் பிறகுதான் பணம், அதன் பின்னர் சரக்கு. சோதனைக் கூடத்தில் நல்ல லொட் கிடைத்த மகிழ்ச்சியில் அங்கேயே முழுப் பணத்தையும் கட்டிவிட்டால், அனுமதி வரும்வரை பணமும் ரவையும் அங்கே முடங்கிக் கிடக்கும். லொட்டை ஒதுக்கி வைக்க முடியுமா, எத்தனை மாதம் வைப்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கொழும்பில் எடுக்க வேண்டியவை

இங்கே அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். சுடுகலனோ ரவையோ நாட்டுக்குள் வரவும் வெளியே போகவும் முடிவு சொல்வது பாதுகாப்பு அமைச்சு. அமைச்சு இப்போது அக்குரேகொடையில் இருக்கிறது. சுங்கத் திணைக்களம் அமைச்சின் கடிதத்தைப் பார்த்துத்தான் பொருளை விடும். தேசிய அணியாகப் போவதென்றால் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு அமைச்சின் அனுமதியும் வேண்டும். அதைச் சம்மேளனம் எடுக்கும்.

செய்யும் ஒழுங்கு இது. போட்டி அழைப்பிதழ் வந்ததும் அதோடு வரும் சுடுகலன் படிவத்தைத் தேடுங்கள். துப்பாக்கியின் உற்பத்தியாளர், மொடல், தொடரிலக்கம், ரவையின் வகை, எண்ணிக்கை, விமான இலக்கம் எல்லாம் அதில் கேட்பார்கள். அதை நிரப்பி, அதே விபரங்களை அப்படியே சம்மேளனத்துக்குக் கொடுத்துக் கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதம், அழைப்பிதழ், உங்கள் துப்பாக்கி அனுமதிப்பத்திரம், கடவுச்சீட்டுப் பிரதி, பயண விபரம் ஆகியவற்றோடு பாதுகாப்பு அமைச்சுக்கு விண்ணப்பம் போகும். கடிதத்தில் வெளியே எடுத்துச் செல்வதும் திரும்பக் கொண்டுவருவதும் இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போக அனுமதி எடுத்து வர அனுமதி எடுக்காதவர் கட்டுநாயக்கவில்தான் அதை உணர்வார்.

தடங்கல் வரும் இடங்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன எழுத்துப் பிழைகள். “.22” என்று மட்டும் எழுதாதீர்கள், “.22 லோங் ரைபிள்” என்று முழுமையாக எழுதுங்கள், ஏனெனில் .22 என்ற விட்டத்தில் வேறு ரவைகளும் உண்டு. எண்ணிக்கையைப் பெட்டிக் கணக்கில் எழுதாமல் ரவைக் கணக்கில் எழுதுங்கள். “10 பெட்டி” என்றால் ஐந்நூறா, ஐயாயிரமா என்பது வாசிப்பவரைப் பொறுத்தது. தொடரிலக்கத்தில் பூச்சியமும் ஆங்கில ஓ எழுத்தும் மாறிப்போவது வழக்கம். துப்பாக்கியைக் கையில் வைத்துப் பார்த்து எழுதுங்கள், பழைய கடிதத்திலிருந்து பிரதி பண்ண வேண்டாம்.

தமிழர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல் பெயர். அனுமதிப்பத்திரத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக, டிக்கெட்டில் இரண்டும் இடம் மாறி. இங்கே அதை எல்லோரும் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டு விமான நிலையத்தில் ஆயுத அனுமதி வேறொருவர் பெயரில் இருப்பதாகவே தெரியும். விண்ணப்பத்தில் எல்லா இடத்திலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துங்கள். அனுமதிப்பத்திரத்தில் வேறுவிதமாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சம்மேளனக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. டிசம்பர் கடைசியில் புறப்பட்டு ஜனவரியில் திரும்பும் பயணம் என்றால், திரும்பும் நாளில் உங்கள் கையில் செல்லுபடியான பத்திரம் இருக்காது. புதுப்பித்த பிறகே புறப்படுங்கள்.

விமானம் மாறும் நாடு

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போனாலும் அது அந்த நாட்டு மண்ணில் இறங்குகிறது. சிங்கப்பூர் வழியாகப் போவதென்றால் அங்குள்ள பொலிஸ் உரிமப் பிரிவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அனுமதியின்றி ரவை வைத்திருந்தால் அந்நாட்டுச் சட்டத்தில் ஐந்து முதல் பத்து ஆண்டுவரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. துபாய், தோஹா வழிகளிலும் விமான நிறுவனம் மூலமாக முன் அனுமதி எடுக்க வேண்டும். செலவு கொஞ்சம் கூடினாலும் நேரடி விமானம் இருந்தால் அதையே எடுங்கள். முடியாவிட்டால் ஒரே டிக்கெட்டில் ஒரே நிறுவனத்தோடு போங்கள். சென்னைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு டிக்கெட் என்று வாங்கினால் பெட்டியை எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். அப்போது இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் உங்களைக் கட்டும்.

போகும் நாட்டின் சட்டம்

ஐக்கிய இராச்சியத்தில் வெளிநாட்டவருக்கு வருகையாளர் அனுமதி உண்டு. அதற்கு விண்ணப்பிப்பவர் நீங்களாக இருக்க முடியாது, அங்கே வசிக்கும் அனுசரணையாளர் ஒருவர் தன் பகுதிப் பொலிஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் கழகமோ போட்டி ஏற்பாட்டாளரோ அதைச் செய்வார்கள். அனுமதி கையில் வந்த பின்னரே ரவை வாங்க முடியும். சுடும் சக்தி 12 அடி-இறாத்தலுக்குக் குறைந்த காற்று ரைபிளுக்கு இங்கிலாந்தில் சான்றிதழ் தேவையில்லை. ஸ்கொட்லாந்தில் 2016 முடிவிலிருந்து தேவை. ஒரே நாடு என்று எண்ணி ரயிலில் வடக்கே கொண்டுபோனால் குற்றமாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் “ஐரோப்பிய சுடுகலன் கடவை” என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். அது ஒன்றியத்துக்குள் வசிப்பவர்களுக்கு உரியது. நமக்கு, முதலில் இறங்கும் நாட்டின் அனுமதியும், அதன் பிறகு கடக்கும் ஒவ்வொரு நாட்டின் அனுமதியும் வேண்டும். அதேபோல, விளையாட்டு வீரர் 1,200 ரவை வரை ஏற்றுமதி அனுமதியின்றி எடுத்துச் செல்லலாம் என்று ஒன்றியத்தின் 258/2012 ஒழுங்குவிதியை மேற்கோள் காட்டுவார்கள். அது போட்டிக்காகத் தற்காலிகமாக வெளியே எடுத்துச் செல்பவர்களுக்கு. அங்கே புதிதாக வாங்கி இலங்கைக்குக் கொண்டுவருவது அந்தச் சலுகைக்குள் வராது.

அமெரிக்காவிலும் இதே பொறி. “1,000 தோட்டா வரை எடுத்துப் போகலாம்” என்ற சலுகை குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும். பயணியாகப் போனவர், தான் சட்டப்படி உள்ளே கொண்டுவந்ததை மட்டுமே திரும்ப எடுத்துப் போகலாம். இன்னும் முக்கியமானது: குடிவரவு அல்லாத விசாவில் நுழைந்தவர் ரவையை வைத்திருப்பதே அங்கே கூட்டாட்சிக் குற்றம், வேட்டை அனுமதியோ விளையாட்டு நோக்கமோ போன்ற விதிவிலக்கு ஒன்று இருந்தால் தவிர. இலங்கையர்கள் விசாவோடுதான் போகிறோம், ஆகவே இது நம் ஒவ்வொருவரையும் தொடும். சுடுகலன்களைக் கட்டுப்படுத்தும் ஏடிஎஃப் என்ற அமெரிக்கப் பணியகத்தின் 6என்ஐஏ படிவத்தை (வெளிநாட்டவர் தற்காலிகமாகக் கொண்டுவருவதற்கான விண்ணப்பம்) நிரப்பிப் போட்டி அழைப்பிதழோடு அனுப்பி, ஒப்புதல் கையில் வந்த பிறகே பயணம் செய்யுங்கள்.

கட்டுநாயக்கவில்

ரவை தொழிற்சாலை அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். மகசீனிலோ, துப்பாக்கியிலோ, தளர்வாகப் பையிலோ இருக்கக்கூடாது. பெட்டியைப் பூட்டுங்கள், திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும். துப்பாக்கியோடு ஒரே பெட்டியிலா தனிப் பெட்டியிலா என்பதை விமான நிறுவனம் சொல்லும், நாட்டுக்கு நாடு மாறும். காற்றுத் துப்பாக்கியின் சிலிண்டரைக் கழற்றிக் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். அதன் உற்பத்தித் திகதியிலிருந்து பத்து ஆண்டு கடந்திருந்தால் போட்டியில் ஏற்கமாட்டார்கள் என்பதையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடிதங்களின் மூன்று பிரதிகள் கைப்பையில். வழமையைவிட இரண்டு மணிநேரம் முன்னதாகப் போங்கள், பொலிஸும் சுங்கமும் தொடரிலக்கத்தையும் எண்ணிக்கையையும் சரிபார்க்கும்.

கைப்பையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையைப் பயணப் பையாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மடிப்பில் சிக்கிய ஒரே ஒரு .22 ரவை எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். இந்திய விமான நிலையங்களில் ஒற்றை ரவைக்கும் வழக்குப் பதிவாகிறது. அறியாமல் பையில் கிடந்தது என்று பிறகு நீதிமன்றம் ஏற்கலாம், அதற்குள் விமானமும் போட்டியும் போய்விடும். சுடும் ஜக்கெட்டின் எல்லாப் பையையும் வெளியே இழுத்துப் பாருங்கள். வெற்றுக் கோதும் வேண்டாம், சிங்கப்பூரில் அதற்கும் அனுமதி கேட்பார்கள். சுடுதளத்தில் போட்ட உடுப்பில் ஒட்டிய மருந்துத் துகள் வெடிபொருள் சோதனைக் கருவியில் அலாரம் எழுப்பலாம். பயணத்துக்குத் தோய்த்த உடுப்பு.

திரும்பி வரும்போது

போட்டி முடிந்ததும் மிச்சத்தை எண்ணுங்கள். ஏற்பாட்டாளர் திரும்ப எடுத்தால் கொடுத்து ரசீது வாங்குங்கள், இல்லையேல் பயிற்சிச் சுற்றில் சுட்டு முடியுங்கள். கொண்டுவந்தே ஆக வேண்டுமானால் எண்ணிக்கை கடிதத்தில் உள்ளதைத் தாண்டக்கூடாது. லொட்டும் வகையும் மாறினால், உதாரணமாக இங்கிருந்து கொண்டுபோனதைச் சுட்டுவிட்டு அங்கே வாங்கியதைக் கொண்டுவந்தால், அது புதிய இறக்குமதி, மீள்கொண்டுவரல் ஆகாது. கட்டுநாயக்கவில் சிவப்பு வழியில் போய் நீங்களாகவே காட்டுங்கள். பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் அனுமதிக் கடிதம் இருந்தும் மறைத்ததாகவே ஆகும்.

உறவினர், தபால், இணையம்

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மாமாவிடம் “இரண்டு பெட்டி கொண்டுவாங்கோ” என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்து கிலோச் சலுகை சொந்தப் பாவனைக்கு. அவருக்கு இங்கே அனுமதிப்பத்திரம் இல்லை, துப்பாக்கி இல்லை, போட்டி இல்லை. பிடிபடுவது அவர்தான், விடுமுறையை அவர் விசாரணையில் கழிப்பார். பெலட் டப்பாவுக்கும் இதே பதில்.

தபாலில் ரவை அனுப்புவதை அனைத்துலகத் தபால் ஒன்றியத்தின் உடன்படிக்கையே தடைசெய்கிறது. வெடிமருந்து நீக்கிய போலி ரவைகூட அந்தத் தடைக்குள் வரும், ஆகவே ரவை வடிவச் சாவிக்கொத்தையும் இணையத்தில் வரவழைக்க வேண்டாம். வெளிநாட்டு இணையக் கடை உங்கள் அட்டையிலிருந்து பணம் எடுத்துக்கொண்டது என்பதற்காகப் பொருள் வரும் என்று அர்த்தமில்லை. பல கடைகளில் முகவரியைச் சரிபார்ப்பது பணம் போன பிறகுதான். உள்நாட்டுத் தேவைக்குப் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள வணிக வெடிபொருள், சுடுகலன், ரவை கொள்வனவுப் பிரிவையும் சம்மேளனத்தையும் கேளுங்கள். போட்டி ரக .22 வேண்டுமென்றால் சம்மேளனத்தின் அடுத்த இறக்குமதிப் பட்டியலில் உங்கள் பெயரையும் லொட் விருப்பத்தையும் இப்போதே எழுதிக் கொடுங்கள். பல மாதம் எடுக்கும், போட்டிப் பருவத்துக்கு முன்னரே கொடுத்தவருக்குத்தான் கைக்கு வரும்.